பிச்சம்மாள் வீட்டு அரங்கில் ஒரு கடல்

மழையையே விருந்தாளியைப் போல வாசலுக்கு வந்து வரவேற்கும் ஊராகிய சங்கரன்கோவிலில், புதுமனைத் தெருவின் கிழக்குக் கடைசி வீட்டில், புளியும் உளுந்தும் வைக்கும் அரங்கு என்னும் இருட்டறைக்குள் ஒரு கடல் வந்து ஒரு வாரம் தங்கிப் போயிற்று. அது தெருவார் யாரும் அழைத்து வந்த கடலன்று. சிதம்பரவடிவு தன் கணவருக்காகத் திட்டமிட்ட கடல். அவருக்கும் அவளுக்கும் தவிர மற்ற எல்லாருக்கும் கிடைத்த கடல்.

அவள் கணவர் ஆவுடையப்பன் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் விசில் ஊதிப் பிறரை ஊருக்கு அனுப்பியே பழகிவிட்ட அவருக்குத் தானும் ஓர் ஊருக்குப் போகலாம் என்பது தோன்றியதேயில்லை. இப்போது அவருடைய கண்களில் நீரழுத்தம் ஏறி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு குழாயை வைத்துப் பார்ப்பதைப் போல நடுவில் ஒரு வட்டம் மட்டும் எஞ்சியிருந்தது. அந்த வட்டத்துக்குள் வடிவின் முகம் வந்தால் அவள் கையிலிருக்கும் காப்பித் தம்ளர் வெளியே போயிற்று, தம்ளர் உள்ளே வந்தால் முகம் போயிற்று. போனது திரும்பாது என்றும், இருப்பது எவ்வளவு காலத்துக்கு என்று சொல்வதற்கில்லை என்றும், பார்க்க விரும்புவதைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுவது நல்லது என்றும் மதுரையில் கண் மருத்துவர் சொன்னார். திரும்பி வரும் பேருந்தில் ஆவுடையப்பன், திருமங்கலம் தாண்டியதும் வாய் திறந்தார்.

“முன்ன ஒரு பயணி செல்போன்ல ஒரு படம் காட்டுனாரு வடிவு. அந்தமான் பக்கம் ஒரு தீவாம். படகு நிக்கி. அதோட நெழலு கடலுக்கு அடியில மணல்ல விழுந்து கெடக்கு. நடுவுல தண்ணி இருக்கதே தெரியல.”

“திருச்செந்தூர்ல பாக்காத கடலாங்க?”

“அது முங்குத கடலுல்லா. இது பாக்குத கடலு.”

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மணம் முடித்த நாளிலிருந்து உப்புக் குறைந்தாலும் கேட்காமல் உண்டுவிட்டு எழுகிற மனிதர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுவாக இருந்தபடியால், வடிவு மறுநாளே திட்டமிடத் தொடங்கிவிட்டாள். தென்காசியில் பயண ஏற்பாடு செய்து கொடுக்கும் சேவியரிடம் பேசி விமானத்துக்கும், தீவின் கரையில் ஓர் ஓலைக் குடிலுக்கும் பதிவு செய்தாள். திங்கட்கிழமைக்கு டிக்கெட் கிடைத்தது. அந்தத் தீவில் என்னென்ன செய்யலாம் என்று சேவியர் அடுக்கத் தொடங்கியபோது, “ஒண்ணுமே செய்யாம இருக்கதுக்கு ஏற்பாடு பண்ணுங்க தம்பி” என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அவள் அவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டாள். அதைத் தாளில் எழுதவில்லை. விளக்கேற்றிய பின் நாள்தோறும் அவர் எதிரில் அமர்ந்து, தோத்திரம் சொல்வதைப் போலச் சொல்லி வந்தாள். போய் இறங்கிய அன்று தென்னைக்குக் கீழே உட்கார்ந்திருப்போம், யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்; மறுநாள் கால்களை மட்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அப்போதும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்; ஒரு நாள் பிற்பகலில் மழை பெய்யும், கொடியில் நம் துணி ஒன்றும் இருக்காது, ஓடி எடுக்க வேண்டியதில்லை, அது பாட்டுக்குப் பெய்யட்டும்; ஒரு நாள் வெள்ளைப் பறவைகள் வரும்; ஒரு நாள் விடிந்தது தெரியாமல் உறங்குவோம்; கடைசி நாள் பிற்பகலில், வெயில் நேராக விழும் வேளையில், படகில் ஏறிப் போவோம், நீங்கள் குனிந்து பார்ப்பீர்கள், நான் பின்னாலிருந்து உங்கள் சட்டையைப் பிடித்துக்கொள்வேன்.

“படகு எத்தன மணிக்கு?” என்று நேரக்காப்பாளர் கேட்டார்.

“அங்க மணி கெடையாது.”

“மணி இல்லாம வண்டி எப்படிட்டி கெளம்பும்?”

இந்த இடத்தில் இருவரும் சிரிப்பார்கள். நாள்தோறும் அதே இடத்தில் சிரித்தார்கள்.

திட்டத்தில் சூலத்தைக் கண்டுபிடித்தவர் கிழக்குக் கடைசி வீட்டுக் குற்றாலிங்கம். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, பஞ்சாங்கத்தை நாளிதழைப் போல வாசித்து வந்த அவர், செய்தி கேட்ட மாலையே வந்துவிட்டார்.

“திங்கக்கெழம கெழக்க சூலம்லா அண்ணாச்சி. நீங்க போற தீவு கெடக்கறது கெழக்க.”

“பிளேன்ல போறவங்களுக்குமாவே சூலம்?”

“பிளேனும் தெச பாத்துத்தான போவுது.”

“தயிர் சாப்பிட்டுக் கெளம்புனாப் போதும்னு சொல்லுவாவளே” என்றாள் வடிவு.

“தயிரெல்லாம் கோயில்பட்டி வரைக்கும் தாங்கும் மைனி. கடல் தாண்டுறதுக்குப் பரஸ்தானம்தான் வைக்கணும்.”

நல்ல நாளில் பயணப் பெட்டியைக் கொண்டுபோய், போகிற திசையில் இருக்கும் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவதே பரஸ்தானம். பெட்டி வீட்டைவிட்டு வெளியேறிய அன்றே பயணம் தொடங்கிவிட்டதாக ஆகிவிடும். பிறகு புறப்படுகிற நாளில் அதை எடுத்துக்கொண்டு போகலாம், சூலம் ஒன்றும் செய்யாது. இடையில் அஷ்டமியும் நவமியும் ஆவுடையப்பனுக்குச் சந்திராஷ்டமமும் வரிசையில் நின்றபடியால், டிக்கெட்டுக்கு ஒரு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே உகந்தது என்று குற்றாலிங்கம் கணித்தார். அவர் மனைவி பிச்சம்மாள் தன் வீட்டு அரங்கைப் பெருக்கி, புளிப்பானைகளை ஒதுக்கி, இடம் செய்து கொடுத்தாள். வடிவு நீலப் பெட்டியை அங்கே வைத்துக் கும்பிட்டாள். வைக்கிறவர்கள் ‘போய் வருகிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது முறை; அவளோ நாத்தழும்பேறிய பழக்கத்தால், இறங்கிய நாள் முதல் படகேறும் பிற்பகல் வரை முழுவதையும் பெட்டியின் மேல் கை வைத்தபடி சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் பிச்சம்மாள் வந்து வாசலில் நின்றாள்.

“மைனி, ஒங்க பொட்டி ஒழுவுது.”

“எண்ணெய் போத்தலாருக்கும் பிச்சம்மா. மூடிய நல்லாத்தான முறுக்குனேன்.”

“எண்ணெயில்ல. கடலு.”

அவள் கையில் ஊறிப்போன புளி இருந்தது. சேலைக் கரையில் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. குழாய் ஒழுகுவதைச் சொல்லும் குரலில் அவள் மேலும் சொன்னாள்: குழம்புக்குப் புளி எடுக்கப் போனேன், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், சரி என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தால் சுவரைக் காணோம், தென்னைமரங்கள் நிற்கின்றன, ஒரே வெயில், புளிப்பானையைத் தேடி ஒரு மைல் நடந்திருப்பேன், மூன்று தேங்காயும் பொறுக்கிக்கொண்டு வந்தேன், இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் உள்ளேதான் நிற்கிறார்.

வடிவு அடுப்பை அணைத்தாள். சட்டை போட்டுக்கொள்ளவும் விடாமல் கணவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு ஓடினாள். பிச்சம்மாள் வீட்டு நிலைப்படியில் அவள் வலக்கால் பட்டதுதான் தாமதம், தொட்டியின் அடைப்பை யாரோ பிடுங்கியதைப் போல ஓர் ஓசை கேட்டது. முழங்கால் நீரில் நின்றிருந்த குற்றாலிங்கம் புளிப்பானைகளுக்கு நடுவே வெறுஞ் சிமெண்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு சிறு மீன் துடித்தது. அரங்கு அரங்காகவே இருந்தது. அவர்கள் படியிறங்கியதும் தண்ணீர் திரும்பி வந்து மீனை வாங்கிக்கொண்டது. மீண்டும் ஏறினார்கள், மீண்டும் வற்றியது. ஆவுடையப்பனின் வட்டத்துக்குள் ஒரு புளிப்பானையின் கழுத்தும் அதற்குக் கட்டிய துணியும் மட்டுமே வந்தன.

குற்றாலிங்கம் வேட்டியைப் பிழிந்தபடியே காரணம் சொன்னார். “பரஸ்தானம் வச்சவங்க, கெளம்புற நாளுக்கு முன்ன வச்ச எடத்துக்கு வரப்படாது அண்ணாச்சி. நீங்க ரெண்டு பேரும் நேத்தே போயாச்சு. போனவங்க இங்க வந்து நின்னா அது என்ன செய்யும், கொழம்புதுல்லா.”

“அப்போ பொட்டிய எடுத்துட்டுப் போயிருதோம்” என்றாள் வடிவு.

“எடுக்கலாம். எடுத்தாப் பயணம் முடங்கிப் போச்சுன்னு அர்த்தம். கண்ணு விசயம் மைனி. நாளைக்கு அண்ணாச்சிக்கு ஒண்ணுன்னா, எடுத்தது நீங்க.”

வடிவின் கை தானாகவே பின்வாங்கிக்கொண்டது.

“இருக்கட்டும்ட்டி. நாமதான் திங்கக்கெழம நேராவே போறோமே” என்றார் ஆவுடையப்பன்.

அதன் பிறகு தெரு அந்தக் கடலைத் தன் வழக்கங்களுக்குள் எடுத்துக்கொண்டது. செருப்பை வாசலில் விட வேண்டும், சோப்புப் போடக் கூடாது, சைவ வீடாகையால் மீனைத் தொடக் கூடாது என்னும் விதிகளைக் குற்றாலிங்கம் வாய்மொழியாக அறிவித்தார். காலையில் பெண்கள் போய் மணலில் வற்றலும் அப்பளமும் காயப்போட்டுவிட்டு, அலையில் கால் நீட்டி உட்கார்ந்து அவரவர் மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். மின்சாரம் நின்றபோதெல்லாம், அங்கே வெளிச்சத்துக்குக் குறைவில்லாதபடியால், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் புத்தகங்களோடு போனார்கள். தையற்காரர் மீரான், அதுவரை முழங்காலைக் காட்டியறியாத பெரிய மனிதர்களுக்கெல்லாம் அரைக்கால் சட்டை தைத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தார். நெசவாளர்கள் நூற்கற்றையைச் சாயத்தில் முக்கிக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரின் அருகே பிடித்துப் பார்த்து, அந்த நீலம் இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார்கள். மேலத்தெருவிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களைக்கூட அங்கேதான் உட்கார வைத்தார்கள்; கடல் இருக்கிற தெருவில் பெண் எடுப்பது குறித்து அவர்களுக்கு மறுப்பொன்றும் இல்லை. இரண்டு நாளில் தெருவார் கழுத்தெல்லாம் கறுத்துப்போயிற்று, வீட்டுக்கு வீடு வாசற்படியில் வெள்ளை மணல் கிடந்தது, எதிர்ப்பட்டவர்களெல்லாம் உறங்கி எழுந்த முகத்தோடு மெதுவாக நடந்தார்கள்.

அவர்கள் நன்றியுள்ளவர்கள். வெளியே வந்ததும் நேராக வடிவின் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, மிக நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டே போனார்கள். கதவு தட்டப்படாத நேரமே இல்லாமற்போயிற்று. வந்தவர்களுக்கு அவள் காப்பி கலந்து கொடுத்தாள். பிச்சம்மாள் ஒரு செம்பு நிறையக் கடலை மொண்டுகொண்டு வந்து ஆவுடையப்பனிடம் நீட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, தெரியுதா?”

“செம்பு நல்லாத் தேச்சிருக்கம்மா” என்றார் அவர்.

புதன்கிழமை, துணி தேய்த்துக் கொடுக்கும் சுப்புத்தாய் தலை நனைந்து வந்தாள். வாழ்நாளில் ஒரு முறையும் வேலை நேரத்தில் உட்கார்ந்திராதவள், அன்று வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மழ பெய்யுது மைனி அங்க. கையி பரபரக்கு, துணிய எடுக்கணும் துணிய எடுக்கணும்னு. பாத்தா கொடியில ஒண்ணும் இல்ல. எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. அது பாட்டுக்குப் பெய்யுது. ஒக்காந்து அழுதுட்டேன்.”

அந்த மழையை வடிவுக்குத் தெரியும்; அவள் பெய்யச் சொன்ன மழை அது. தென்னை நிழலில் உட்கார்ந்தது, கால்களை மட்டும் தண்ணீரில் வைத்தது என்று இதுவரை வந்தவர்கள் சொன்னவற்றையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். அவளுடைய வாரம் ஒரு வரி பிறழாமல் அவள் சொன்ன வரிசையிலேயே நடந்துகொண்டிருந்தது. சொன்னவள் வெளியே நின்று காப்பி கலந்துகொண்டிருந்தாள். நாளைக்கு வெள்ளைப் பறவைகள் வரும் என்று சுப்புத்தாயிடம் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். மறுநாள் பறவைகள் வந்தன.

வெள்ளிக்கிழமை சேவியர் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, தீவு எப்படி இருக்கு? குடிலெல்லாம் வசதியா?”

“நாங்க இன்னும் கெளம்பவே இல்லையே தம்பி. திங்கக்கெழமதான.”

சற்று நேரம் விசைப்பலகையின் ஓசை கேட்டது. “கம்ப்யூட்டர்ல நீங்க போன ஞாயித்துக்கெழமயே எறங்கிட்டதா நிக்கிக்கா. வார ஞாயிறு சாயந்தரம் முடியுது.”

“தம்பி, நான் சங்கரன்கோவில்ல அடுப்படியில நின்னுதான் பேசுதேன்.”

“தெரியுதுக்கா. குக்கர் சத்தம் கேக்கு. ஆனா எறங்குன ஆள மறுபடி ஏத்த மாட்டாங்கக்கா. எழுதிப் போட்டுப் பாக்கேன், ஆனா நம்பிக்கை இல்ல.” பிறகு அவன் தணிந்த குரலில், உண்மையான அக்கறையோடு கேட்டான்: “மழ நல்லாப் பெஞ்சுதாக்கா?”

அவள் கணவரிடம் சொல்லவில்லை. அவரோ அன்று மாலையும் நாற்காலியை விளக்குக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, திட்டத்தைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார். அங்கே மணி கிடையாது என்றாள். அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், அவர் வட்டத்துக்குள் தன் வாய் மட்டும் இருக்கும்படி முகத்தைச் சற்றே உயர்த்திக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் கண்விழித்த ஆவுடையப்பன், ஏன் இன்னும் விளக்கைப் போடவில்லை என்று கேட்டார். சன்னல் திறந்தே இருந்தது. வெயில் கட்டிலின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சற்றுப் பொறுத்து, “இல்ல, இல்ல, தெரியுது. வட்டம் கொஞ்சம் சின்னதாப் போச்சு, அவ்வளவுதான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கடைசி நாள் என்பதனால், தெரு முழுவதும் பிச்சம்மாள் வீட்டுக்குள் போய்விட்டது. ஆளில்லாத தெருவில் வடிவு நின்றாள். உள்ளே போனால் கடல் வற்றும். பெட்டியை எடுத்தால் பயணம் முடங்கும். விமானத்தில் ஏறலாம் என்றால் ஏற்கெனவே இறங்கியாயிற்று. கடல் நிற்கும் வீட்டுக்கு எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகிலாவது நிற்போம் என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு, சாக்கடை ஓடும் பின்பக்கத்துச் சந்துக்குள் போனாள். அங்கே, எதிர்ச்சுவரில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நீலமாக ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

புளிக்குக் காற்றோட்டம் வேண்டி அரங்கின் பின்சுவரில் எப்போதோ விட்டிருந்த துளையிலிருந்து அந்த ஒளி வந்தது. சந்து எவருடைய வீடும் அன்று. அதற்கு நிலைப்படி கிடையாது.

அவள் ஓடிப்போய் அவரை அழைத்து வந்தாள். சாக்கடையைத் தாண்ட வைத்து, தோளைப் பிடித்துத் திருப்பி, “குனியுங்க, இன்னும் கொஞ்சம், இந்தா, இங்க கண்ண வையுங்க” என்றாள். அவர் வைத்தார். அவள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சுவருக்கு அப்பால் தெருவாரின் சிரிப்பு, தொலைவில் கரையில் கேட்பதைப் போலக் கேட்டது.

“வடிவு, படகு நிக்கி.”

“நெழலு?”

“கீழ. மணல்ல. நல்லா இஸ்திரி போட்ட மாதிரி விழுந்து கெடக்கு. ஒரு மஞ்ச மீனு நெழலுக்குள்ள போயிட்டு வெளிய வருது, போயிட்டு வெளிய வருது. நண்டு ஒண்ணு. மணலு வரி வரியா இருக்கு, பாயி மாதிரி. தண்ணியே இல்லட்டி. எல்லாம் காத்துல நிக்க மாதிரி நிக்கி.” அவர் மூச்சு வாங்கினார். பெரிய கடலைச் சிறு துளையால் பார்க்க நேர்ந்த எவருக்கும் ஓரங்கள் தெரியவில்லையே என்று தோன்றியிருக்கும்; அவரோ சொன்னார்: “முழுசாத் தெரியுது வடிவு. ஒண்ணும் வெளிய போவல.”

அவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கசங்கிய சட்டையும் அதற்கு மேல் நரைத்த பிடரியும் தவிர அவள் திட்டத்திலிருந்து அவளுக்குக் கிடைத்தது வேறொன்றும் இல்லை.

திடீரென்று அவர் விலகினார். “நீ பாக்கவே இல்லையே. வா, வா, சீக்கிரம், வெயிலு எறங்குததுக்குள்ள.”

அவர் விலகிய பின்னும் எதிர்ச்சுவரில் அந்த நீல நாணயம் திரும்பி வரவில்லை; சேவியர் சொன்ன ஞாயிறு சாயந்தரம் வந்துவிட்டது. அவள் குனிந்து கண்ணை வைத்தாள். உள்ளே இருட்டு. இருட்டில் புளிப்பானைகளும் நீலப் பெட்டியும் இருந்தன. அவற்றைச் சுற்றி, நனைந்த அரைக்கால் சட்டைகளோடும் கையில் பாதி காய்ந்த அப்பளங்களோடும், தோளோடு தோள் இடிக்கத் தெரு முழுவதும் நெருங்கி நின்றது. மின்சாரம் நின்றதும் யாராவது விளக்குக் கொண்டுவருவார்கள் என்று காத்திருப்பவர்களைப் போல எல்லாரும் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியுதா?” என்று அவர் பின்னாலிருந்து கேட்டார்.

“தெரியுதுங்க.”

“படகு?”

“நிக்கி.”

“அந்த மஞ்ச மீனு?”

“இப்பத்தான் நெழலுக்குள்ள போச்சு” என்றாள் வடிவு. அவர் இன்னும் கேட்பதற்காக நெருங்கி வந்து அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவள் நிறுத்தவில்லை. படகு மெல்லத் திரும்புகிறது, தண்ணீர் வெயிலை வாங்கிக்கொண்டு பொன்னாகிறது, அன்றைக்கு வந்த வெள்ளைப் பறவைகள் கூட்டுக்குத் திரும்புகின்றன, கரையில் தென்னைக்குக் கீழே நம் இரண்டு நாற்காலிகள் கிடக்கின்றன, குடிலின் கதவு திறந்தே இருக்கிறது, அதை யாரும் தட்டவில்லை. இரவுதோறும் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஒரு வரியும் மறந்திருக்கவில்லை. இடுப்பு வலித்தது. துளையிலிருந்து பழம்புளியின் வாசனை வந்துகொண்டிருந்தது. அவர், “அப்புறம்?” என்றார். அவள் கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.